பத்தொன்பதாம் அத்தியாயம்

ஜூன் 2, திங்கள்

மேல்தாடை மூன்று, கீழ்த்தாடை இரண்டு முடித்தேன். இத்ரீஸ் பாயின் பல் செட் பட்டறையில் இருபது வருஷமாக இதே ஸ்டூல், இதே மேசை. கிளினிக்குகளிலிருந்து வாய் அளவு வரும். ப்ளாஸ்டரில் தாடை வார்த்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்குவது என் வேலை. மதுரையில் பாதிக் கிழவர்கள் முறுக்குக் கடிப்பது என் புண்ணியத்தில்தான்.

இந்த வேலைக்குக் கண்ணும் கையும் போதும். காது சும்மா இருக்கும். மூன்று மாதமாக அதற்கும் வேலை கொடுத்திருக்கிறேன்.

மருமகன் பிரசன்னா மார்ச் மாதம் சென்னையிலிருந்து வந்தபோது, கதை கேட்கும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தார். சந்தா அவருடையது, பாஸ்வேர்டும் அவருடையது. "அத்தை, இதுல அறுபத்து மூவர் கதையெல்லாம் இருக்கு. மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். நல்ல பிள்ளை. நானும் கேட்டேன். என் பெயரை வைத்திருக்கிற மங்கையர்க்கரசியார் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

பக்கத்து மேசை ரோஸ்லின்தான் அதே ஆப்பில் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். "அக்கா, இதக் கேளுங்க. ஆனா ஹெட்போன் மாட்டாமக் கேட்டுறாதீங்க."

இதுவரை நான்கு கதை முடித்தாயிற்று. இப்போது ஓடுவது ஐந்தாவது. நிவேதா, புருஷன் செத்தவள், கொடைக்கானலில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். ஆதவன், மனைவி செத்தவன், மாட்டு டாக்டர். அவன் சிரிக்கும்போதெல்லாம் 'முத்துப் பல் வரிசை' என்று வருகிறது. அவ்வளவு சீரான வரிசை வேண்டுமென்றால் எங்கள் பட்டறைக்குத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

மேலூரிலிருந்து மதினி போன் செய்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. வருஷம் திரும்புகிறது, திதி ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். படையலுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று இருபத்தாறு வருஷம் சொல்லாமல் இருந்தேன். இனிக் குறைய ஒன்றுமில்லை. ராஜாங்கம். அரசு பஸ் கண்டக்டர். சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். விசில் வாங்கிக் கொடுத்தும் பையிலேயே கிடக்கும். அந்த இடைவெளி வழியாக ஒரு சீட்டி அடிப்பார், பஸ் நின்றுவிடும்.

ஹாலில் மாட்டியிருக்கும் பெரிய போட்டோவில் அந்த இடைவெளி இல்லை. போட்டோவுக்கு ஏற்பாடு செய்தது மதினி. ஸ்டூடியோக்காரன் கோட்டுப் போட்டுவிட்டு, நெற்றி ரேகையைத் துடைத்துவிட்டு, பல்லையும் அடைத்துவிட்டான். லட்சணமாக இருக்கிறது என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும். மாலை போட்ட அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. தொழில்காரி என்ற முறையில் சொல்கிறேன், வேலை மோசம்.

ஜூன் 6, வெள்ளி

பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அண்ணா நகர் கிளினிக்கிலிருந்து டிரையல் செட் கேட்டுப் போன் மேல் போன். எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு. மெழுகில் அடுக்கின பல்லை ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்து, சரி என்றால்தான் கெட்டியாக வார்ப்போம். எப்போதும் பாய் பார்த்த பிறகே போகும். இன்று நானே பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன்.

வேலை செய்யும்போது பத்தொன்பதாம் அத்தியாயம் கேட்டேன். நல்ல அத்தியாயம்.

ஜூன் 7, சனி

மறுபடி பத்தொன்பது. மதியம் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை, ராத்திரி எத்தனை முறையென்று எண்ணவில்லை.

இந்தக் கதைகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ரோஸ்லின் கேட்டாள். அவளுக்குச் சிரித்து மழுப்பினேன். இங்கே எழுதுகிறேன்.

வாசிக்கிற பெண்ணுக்கு லேசாகச் சளி பிடித்த குரல். நாற்றுப் பண்ணை, மாடு, மழை என்று பேசும்போது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் மாதிரி போவாள். அந்த மாதிரி இடம் வந்தால் வேகம் குறையும். ஒரு மூச்சு எடுப்பாள். அந்த மூச்சு கேட்டதும் என் கையில் மெழுகுக் கத்தி நின்றுவிடும். நாற்பத்தெட்டு வயதில் காது மடல் சூடாவதை எதிரே இருக்கும் பாய் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையால் மூடிக்கொள்வேன்.

வெறும் சூடு மட்டும் என்றால் அலுத்திருக்கும். நிவேதா முதல் எட்டு அத்தியாயம் அழுகிறாள். புருஷன் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சோறு கொண்டு வருகிறார்கள், சாமி படம் கொண்டு வருகிறார்கள். ஒருவரும் அவளைத் தொடுவதில்லை. அதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் கட்டிப் பிடித்து அழுதார்கள், அதோடு சரி. பஸ்ஸில் இடிபடுவதைச் சேர்க்காவிட்டால், என்னை ஒரு கை தொட்டு வருஷமாகப் போகிறது. ராஜாங்கம் செத்ததை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள், என் உடம்புக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

டிவி சீரியலில் என்னை மாதிரி பெண்ணுக்கு அழ மட்டும்தான் அனுமதி. இந்தக் கதைகளில் அழுதவளே அடுத்த அத்தியாயத்தில் பின்னலை அவிழ்க்கிறாள். அவள் தலையில் இடி விழவில்லை. ஆகவே கேட்கிறேன். போதுமா.

ஜூன் 9, திங்கள்

மகள் நித்திலா காலையிலேயே போன் செய்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீ என்னத்தக் கேட்டுக்கிட்டு இருக்க?"

"ஏன்?"

"நேத்து கார்ல கோயிலுக்குப் போனோம். அவரோட அம்மா பின்னாடி உக்காந்திருந்தாங்க. சாமி கதை போடலாம்னு இவரு ஆப்பத் தொறந்தாரு. நீ விட்ட எடத்துலருந்து அது பாட்டுக்குப் படிக்க ஆரம்பிச்சிருச்சு."

எந்த இடத்தில் விட்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். வாயில் நுரை. துப்பிவிட்டு வந்தேன்.

"ஒடனே நிறுத்த வேண்டியதுதான?"

"பாலத்து மேல போய்க்கிட்டு இருக்காரும்மா. எறங்கி சிக்னல் வர்ற வரைக்கும் அவரால போனத் தொட முடியல. நானும் என்ன பண்ணணும்னு தெரியாம முழிக்கிறேன்."

"சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாங்க."

"அப்பக் கேட்டிருக்காங்க" என்றேன்.

அது அவளுக்குச் சிரிப்பாக இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். தனியாக இருந்து இருந்து எனக்கு மனசு என்னவோ ஆகிவிட்டதாம். திதி முடிந்த கையோடு பட்டறை வேலையை விட்டுவிட வேண்டுமாம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து அவர்களோடு இருக்க வேண்டுமாம். ஒரு ரூம் ஒதுக்கிவிட்டார்களாம், சாமி ரூமுக்குப் பக்கத்தில்.

"பிரசன்னா பாஸ்வேர்டை மாத்திட்டாரும்மா. தப்பா நெனைக்காத."

தப்பாகத்தான் நினைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அனுப்பின டிரையல் செட் திரும்பி வந்தது. டாக்டரின் சீட்டு: 'மேல் முன்பல் நடுவில் இடைவெளி ஏன்? இவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. கண்ணாடியில் பார்த்துவிட்டு யாருய்யா இது என்று கேட்கிறார்.'

பாய் பெட்டியை என் மேசைக்குக் கொண்டுவந்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தார்.

"சரியா ரெண்டு மில்லி."

"மெழுகு எளகியிருக்கும் பாய். வெயிலு என்ன போடு போடுது."

"மெழுகு எளகுனாப் பல்லு கோணும்மா. இது அளந்து வச்ச மாதிரி இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார். "மேலூர் பஸ்ஸுல நின்னுக்கிட்டே இந்தப் பல்லப் பாத்திருக்கேன். சீட்டியடிக்கும்போது."

ரோஸ்லின் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அரை மணியில் சரி பண்ணித் தருகிறேன் என்றேன். இரண்டு மணி ஆயிற்று. கத்தி சரியாகச் சூடாகவில்லை, அதனால்தான்.

போகும்போது பாய் சொன்னார், "கொஞ்ச நாளைக்குக் காதுல ஒண்ணும் வேணாம்மா."

வெயிலில் மெழுகு இளகத்தான் செய்யும். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும்.

ஜூன் 11, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை. பட்டறை லீவு. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் போகாத ஒரு பஸ்ஸாகப் பார்த்து ஏறி, திருமங்கலம் போய் இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பினேன். மூன்று தடவை.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது மதினி உட்கார்ந்திருந்தார். மேலூரிலிருந்து முருங்கைக்காய், இரண்டு தேங்காய், உர்ரென்று ஒரு முகம். நித்திலா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல.

"என்ன மங்கை, வருசங்கூடத் திரும்பல."

"காப்பி போடவா, டீ போடவா மதினி?"

"பேச்ச மாத்தாத. நானுந்தான் முப்பத்தாறு வயசுல தாலிய எறக்குனேன். ரெண்டு பயலுகள வச்சுக்கிட்டு ஒத்தையில கெடந்தேன். நான் எதையாவது காதுல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேனா?"

"திரிஞ்சிருக்கலாம் மதினி. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

அடிக்க வருவார் என்று நினைத்தேன். எழுந்துபோய் முருங்கைக்காயை நறுக்க ஆரம்பித்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக. மதினியை எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பிரசவத்துக்கு ராத்திரி பகலாகக் கூட இருந்தது அவர்தான். அதனால்தான் அவரிடம் பொய் சொல்ல வரவில்லை.

சாப்பிடும்போது சொன்னார். "செத்தவன நெனச்சு அழுகுறதுன்னா அழு. யாரு வேணாங்குறா. அசிங்கத்தக் கேட்டுக்கிட்டு, அழுகுறேன்னு சொல்லாத."

"நான் அழுகுறேன்னு சொல்லவே இல்லையே."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பல்லுக்கு அளவு குடுக்க எங்கிட்டத்தான் வரணும்."

சிரிப்பை அடக்க மோர் குடித்தார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, பிள்ளை சொல்வதைக் கேட்டுச் சென்னைக்குப் போய்விடு, அதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஜூன் 13, வெள்ளி

காதில் ஒன்றும் இல்லாமல் எட்டு மணி நேரம். கிரைண்டர் சத்தம், பாயின் இருமல், தெருவில் பழைய பேப்பர்க்காரன். ஒரு தாடையை முடித்துவிட்டுப் பார்த்தால், பல் அடுக்கினது யார் என்று சந்தேகம் வருகிற அளவுக்கு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதை ஓடினால் இந்த யோசனை வராது.

ஜூன் 14, சனி

என் பெயரில், என் போன் நம்பரில், நானே அந்த ஆப்புக்குச் சந்தா கட்டினேன். ரோஸ்லின் பக்கத்தில் நின்று எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பெயர் கேட்டது. மங்கையர்க்கரசி ராஜாங்கம் என்று முழுசாக அடித்தேன்.

பிறகு பாயிடம் போனேன். "பாய், காதுல கேக்குறதுனால கையில தப்பு வரல. மூணு மாசமா எத்தன செட்டு போயிருக்கு, ஒண்ணு திரும்பி வந்துச்சா?"

"அப்ப அது எதுனால வந்துச்சு?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் ஓடுகிற கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு காதுல மட்டும் மாட்டிக்க. நான் கூப்புடுறது கேக்கணும்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

பத்தொன்பது.

ஜூன் 17, செவ்வாய்

ரோஸ்லினுக்கு இந்தக் கதை முப்பத்திரண்டு அத்தியாயமும் மனப்பாடம். டிபன் சாப்பிடும்போது கேட்டாள்.

"இருபதுக்குப் போகவே மாட்டீங்களாக்கா? பத்தொம்பதுலயே குடியிருக்கீங்க."

"நேரம் கெடைக்கல."

"பத்தொம்பது கேக்க மட்டும் நேரம் கெடைக்குது."

"இட்லியத் தின்னுடி."

என்ன பெரிதாக இருக்கிறது பத்தொன்பதில். மழை. நாற்றுக் கூடாரத்துக்குள் நிவேதா குனிந்து தொட்டிக்கு மண் போடுகிறாள். ஆதவன் பின்னால் வந்து அவள் கழுத்தில் கை வைக்கிறான். 'கை ஈரம்' என்கிறாள். அவன் கையை எடுக்கப் போகிறான். அவள் அந்தக் கையைப் பிடித்து, கழுத்திலேயே வைத்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பகுதியெல்லாம் வருகிறது, பதினொரு நிமிஷம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பெரும்பாலும் அவள் கையைப் பிடிக்கிற இடத்திலேயே நிறுத்திப் பின்னால் போய்விடுவேன்.

பின்னால் போவதற்கு அந்த ஆப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. பத்துப் பத்து விநாடியாகப் போகலாம். நல்ல வசதி.

ஜூன் 20, வெள்ளி

படையலுக்குப் புது வேட்டி, சட்டை வாங்கினேன். அவருக்குப் பிடித்த சேவு, கருப்பட்டி மிட்டாய். வெற்றிலை நாளைக்கு. வீட்டைக் கழுவிவிட்டேன். போட்டோவைத் துடைக்கும்போது எரிச்சலாக வந்தது. அடைத்துவிட்ட பல்லோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், கல்யாணத் தரகர் மாதிரி.

பட்டறையில் தாடையில் கோடு போடுகிற மெல்லிய கருப்புப் பேனா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எதற்கென்று இப்போதே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 21, சனி

நித்திலாவும் மருமகனும் மதியம் வந்தார்கள். பிரசன்னா என் முகத்தைப் பார்க்காமல் "வணக்கம் அத்தை" என்று சுவர்க் கடிகாரத்திடம் சொன்னார். பாவமாக இருந்தது. ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

நித்திலா பெட்டி கட்டவே ஒரு பெரிய பை கொண்டு வந்திருக்கிறாள். என் அலமாரியைத் திறந்து புடவைகளை இரண்டாகப் பிரித்து வைத்தாள், கொண்டு போவது, கொடுத்துவிடுவது. நான் பேசாமல் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். அவள் மறுபடி பிரித்தாள். நான் மறுபடி அடுக்கினேன். இருவருக்கும் ஒரே பிடிவாதம், என் வயிற்றுப் பிள்ளைதானே.

ஜூன் 22, ஞாயிறு

முழுசாக எழுதிவிட வேண்டும். கை வலித்தாலும்.

மதினி விடிந்ததும் வந்துவிட்டார். சமையல் பதினொரு மணிக்கு முடிந்தது. ஹாலில் பலகை போட்டு, வாழை இலை விரித்து, எல்லாவற்றையும் பரிமாறினோம். போட்டோவை இறக்கிப் பலகையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் நித்திலா ஆரம்பித்தாள்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. நாளைக்கு எங்க கூடக் கெளம்பணும்னா மாட்டேங்குது."

"நான் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்குறா."

"ஏம்மா, அசிங்கப்பட்டுக்கிட்டு இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போற?" குரல் உடைந்தது அவளுக்கு. "எங்க ஆப்புல பாத்தேன். அந்த ஒரே அத்தியாயம் பதினாலு தடவை ஓடியிருக்கு. பதினாலு தடவை. அப்பா போயி ஒரு வருசத்துல உனக்கு வேற ஆளு நெனப்பு வந்துருச்சா?"

பிரசன்னா சத்தமில்லாமல் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நல்ல பிள்ளை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

நான் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்ல முடியாது.

"போன வருசம், ஜூலை மூணு. மாதாந்திரப் பவர் கட்டு. பட்டறை லீவு, நான் வீட்ல இருந்தேன். உங்கப்பா காலை டூட்டி முடிச்சு ரெண்டு மணிக்கு வந்தாரு. ஃபேன் ஓடல. நான் அடுப்படியில குனிஞ்சு அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து கழுத்துல கைய வச்சாரு. வேர்க்குது, தள்ளுங்கன்னு தட்டிவிட்டேன்."

மதினி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்கல. சரிடீ, கரண்ட்டு வரட்டும்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே ஒரு சீட்டி அடிச்சாரு. யாருக்கோ மாத்து டூட்டி பாக்கணும்னு திரும்பக் கெளம்பிப் போனாரு. அஞ்சு மணிக்குக் கரண்ட்டு வந்துச்சு. அஞ்சே காலுக்கு மாட்டுத்தாவணியிலருந்து போன் வந்துச்சு, பஸ் படியிலயே சாஞ்சுட்டாருன்னு."

நித்திலாவுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்த நோட்டுக்குக்கூட இன்றுதான் தெரியும்.

"அந்தக் கதையில அவன் கைய வைக்கிறான். அவ தட்டிவிடல, பிடிச்சுக்கிறா. அதத்தான் நான் திருப்பித் திருப்பிப் போடுறேன். வேற ஆளுன்னு கேட்டியே. அந்தக் கை எனக்கு உங்கப்பா கைதான்." இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் என்னை மன்னித்திருப்பார்கள். மதினி ஏற்கெனவே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் மன்னிப்பு வாங்க நான் உட்காரவில்லை. "ஆனா அது மட்டுமில்ல. அதுக்கப்புறம் வர்றதையும் கேக்குறேன். நல்லா இருக்கு, கேக்குறேன். அழுகைக்கும் கேக்குறேன், ஆசைக்கும் கேக்குறேன். ரெண்டையும் பிரிச்சுத் தனித்தனியா அடுக்க எனக்குத் தெரியல. இதுல அசிங்கம் எங்க இருக்குன்னு எனக்கு வெளங்கல. நான் மெட்ராஸுக்கு வரல நித்திலா. தீபாவளிக்கு வர்றேன். ஹெட்போனோட வர்றேன்."

இலையில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. மதினி மூக்கை உறிஞ்சிவிட்டு, நேரம் ஆகிறது என்று போட்டோவை இறக்கிக்கொண்டுவந்து பலகையில் சாய்த்தார். மாலையை எடுத்தார்.

"இருங்க மதினி" என்றேன். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"என்ன பண்ணப் போற?"

"பல்லு செய்யப் போறேன்."

கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். முன்பல் இரண்டும் சேரும் இடத்தில், மேலே குறுகி, கீழே விரிந்து, ஈறு ஓரத்தில் ஒரு நூல் அளவு வளைவு. படம் பெரிது, அதற்குத் தகுந்த மாதிரி அளவைக் கூட்டிக்கொண்டேன். அளந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பார்த்த வாய்.

நிமிர்த்தி வைத்தேன். கோட்டுப் போட்ட தரகர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

மதினி ரொம்ப நேரம் பார்த்தார். மாலை கையிலேயே இருந்தது. "நாந்தான் அடைக்கச் சொன்னேன் மங்கை" என்றார். "சின்னப் புள்ளையில ஊரே அவன ஓட்டப் பல்லன், ஓட்டப் பல்லன்னு கேலி பண்ணும். செத்தப்புறமாவது ஒருத்தரும் சிரிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து, வருஷம் பூராவும் அழாத அழுகையை அழுதார். நான் பக்கத்தில் போய் அவர் தோளில் கை போட்டேன். அவர் தட்டிவிடவில்லை. அவரை யாராவது தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

நித்திலா படத்துக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா இப்படித்தான இருந்தாரு" என்றாள், யாரிடமோ விசாரிக்கிற மாதிரி. அப்புறம் அவளே எழுந்துபோய் மாடிப்படியில் நின்று, "என்னங்க, சாமி கும்புட வாங்க" என்று கூப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்து அவள் பெரிய பையை மடித்துச் சின்னதாக்கித் தன் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டுப் பட்டறைக்குப் பத்து மணிக்குப் போனேன். பிரசன்னா ஸ்டேஷனில் என் முகத்தைப் பார்த்தே பேசினார். "அத்தை, அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க" என்று இழுத்தார். அந்த மாட்டு டாக்டர் கதையின் பெயர் என்ன என்று சம்பந்தியம்மா கேட்கச் சொன்னாராம். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கீழே, ஹெட்போன் மாட்டிக் கேட்கவும் என்றும் எழுதினேன்.

பாயிடம் சொன்னேன், "அன்னைக்கு மெழுகு எளகல பாய். நாந்தான் வச்சேன்."

"தெரியும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தொன்பதில் விரல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு இருபதை அழுத்தினேன்.

விடிந்துவிட்டது. மழை நின்றிருக்கிறது. நிவேதா இரண்டு டம்ளரில் டீ போட்டுக் கொண்டுவருகிறாள். அவனுக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவன் சொல்லாமல் குடிக்கிறான். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்.

"எதுல இருக்கீங்கக்கா?" என்றாள் ரோஸ்லின்.

"இருபது."

அவள் வேலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் பளபளத்தது, உடனே விஷமமாகவும் ஆனது. "இருபத்தஞ்சு வரும்போது பாய் கடையில இல்லாத நேரமாப் பாத்துக் கேளுங்க. பத்தொம்பதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"பாய் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். முந்தானையால் காதை மூடிக்கொள்ளவில்லை.

மேல்தாடை நான்கு, கீழ்த்தாடை மூன்று. பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பல் பிசகவில்லை.